எக்ஸ்சேஞ்சில் போன மெமரி

பூமிநாதனுக்கு மன்னிப்புக் கேட்க வராது. அறந்தாங்கி ஒன்றிய அலுவலகத்தில் இருபது வருஷம் குப்பை கொட்டிய மனுஷர். எந்தக் கோப்பு எந்த அலமாரியில் கிடக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். ஆனால் வீட்டில் ஒரு தப்பு செய்துவிட்டால், அதைத் தப்பென்று வாய்விட்டுச் சொல்வதற்குள் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அவருடைய அப்பாவுக்கும் அது வந்ததில்லை, சித்தப்பாவுக்கும் வந்ததில்லை. பரம்பரைச் சொத்து என்று வேறெதுவும் இல்லாத குடும்பம், இதையாவது காப்பாற்றிக் கொண்டுவந்தார்கள்.

அப்படியிருந்தும் மனைவி வள்ளிக்கண்ணுவோடு பதினெட்டு வருஷம் குடும்பம் நடத்திவிட்டார் என்றால், அதற்குக் காரணம் வீட்டுக் கம்ப்யூட்டர். வள்ளிக்கண்ணு ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்தாளுநராகச் சேர்ந்த வருஷம் வாங்கியது, வயது பதினாலு. சண்டை நடந்த மறுநாள் அவள் வேலைக்குக் கிளம்பிய பிறகு பூமிநாதன் அதன் முன்னால் போய் உட்காருவார். "ஒரு மன்னிப்பு வேணும்" என்பார். அது கொஞ்சம் யோசிப்பதுபோல் பாவனை செய்துவிட்டு நாலு வரி எழுதிக் கொடுக்கும். அதைக் குளிக்கும்போது நாலு தடவை மனப்பாடம் செய்து, சாயங்காலம் அவள் வந்ததும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு ஒப்பிப்பார். ஒரு தடவைகூடக் குறி தப்பியதில்லை.

ஒருமுறை ரசம் புளிக்கிறது என்று தட்டைத் தள்ளிவிட்டுப் பெரிய ரகளை. மறுநாள் மெஷின் எழுதிக் கொடுத்தது: 'காய்ச்சலோட நின்னு சமைச்சவகிட்ட ரசத்தைப் பத்திக் கேட்டேன். உடம்பு எப்படி இருக்குன்னு கேட்டிருக்கணும்.' காய்ச்சல் விஷயம் பூமிநாதனுக்கே அதைப் படித்தபோதுதான் தெரியும். மெஷின் எப்படித்தான் கண்டுபிடிக்கிறதோ என்று வியந்தார். வியந்ததோடு சரி, மேற்கொண்டு விசாரிக்கும் பழக்கம் அவருக்கு அலுவலகத்திலேயே கிடையாது.

அப்பேர்ப்பட்ட மெஷின் நாளாக நாளாகக் கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையாயிற்று. சுவிட்சைப் போட்டுவிட்டுப் பல் தேய்த்து, காபி குடித்து, பேப்பரும் படித்து முடித்து வந்தால், அப்போதுதான் கண்ணைத் திறந்து 'வணக்கம்' சொல்லும். புதிதாக வாங்கலாமென்றால் மகள் திருச்சியில் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள். அதனால் பூமிநாதன் ஒரு திட்டம் போட்டார். ரெண்டு மாசத்துக்கு ஒரு பாகம், அதுவும் பழைய பாகம். ஒரு வருஷத்தில் மெஷின் முழுக்க மாறியிருக்கும், கையைக் கடித்த மாதிரியும் தெரியாது.

பஸ் நிலையத்துக்குப் பின்னால் முஸ்தபா பாய் கடை. பழைய பாகங்களுக்கு அந்த வட்டாரத்தில் அவர் ஒருவர்தான். முதல் நாளே அவர் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டார்.

"முன்னல்லாம் மூளை மேல எங்கயோ இருந்துச்சு சார், நாம மாச வாடகை கட்டிக்கிட்டு இருந்தோம். வாடகை கட்டி மாளலன்னுதான் இப்ப ஒவ்வொரு பாகத்துக்குள்ளயும் ஒரு பொடி மூளையை வச்சு விக்கிறான். எந்த வீட்ல இருந்துச்சோ அந்த வீட்டுப் பழக்கம் அதுக்கு ஒட்டிக்கும். பேரு, நம்பரு, போட்டோ எல்லாம் நான் துடைச்சிருவேன். பழக்கத்தை மட்டும் துடைக்க முடியாது. துடைச்சா பாகமே செத்துரும்."

பூமிநாதன், பழக்கம்தானே, இருந்துவிட்டுப் போகட்டும் என்றார். ஆழம் தெரியாமல் காலை விடுவது என்பது இதுதான்.

முதலில் வாங்கியது மெஷினுக்குக் கரண்ட் கொடுக்கும் மின்சாரப் பெட்டி. ஏதோ ஓர் அரசு அலுவலகத்தில் ஏலம் விட்டது. மாட்டிய மறுநாளிலிருந்து மெஷின் காலை பத்தரைக்கு முன்னால் விழிக்க மறுத்தது. ஒரு மணி அடித்ததும் திரை இருட்டிக்கொள்ளும், இரண்டரைக்குத்தான் வெளிச்சம் வரும். எதையாவது அச்செடுக்கச் சொன்னால் நாளைக்கு வரச்சொல்லும். வள்ளிக்கண்ணுவுக்குப் பொத்துக்கொண்டு வந்தது. பூமிநாதனுக்கு இதில் என்ன குறை என்றே விளங்கவில்லை. இதைவிட ஒழுங்காக ஒரு மெஷின் எப்படி வேலை செய்ய முடியும் என்று மனசார நம்பினார்.

அடுத்தது கேமரா. கல்யாணப் படம் பிடிக்கும் ஸ்டுடியோவில் பத்து வருஷம் உழைத்தது. மகளோடு பேசலாமென்று புருஷனும் பெண்டாட்டியும் உட்கார்ந்தால், "அண்ணன் இன்னும் கொஞ்சம் நெருங்கி வாங்க. அக்கா தோள்ல கை போடுங்க. அக்கா, தலை குனியாதீங்க" என்று விரட்டும். போடாவிட்டால் படம் போகாது. பூமிநாதன் பதினெட்டு வருஷத்தில் முதல்முறையாக மகள் கண்ணெதிரே மனைவியின் தோளில் கை போட்டார். கை ஈரமாக இருந்ததாக வள்ளிக்கண்ணு பிறகு சொல்லிச் சிரித்தாள். மகள் திருச்சியிலிருந்து, அப்பாவுக்கு உடம்புக்கு ஏதும் முடியவில்லையா என்று தனியாகக் கேட்டு எழுதினாள்.

மூன்றாவதுதான் மெமரி. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. முஸ்தபா பாய், புதிதாக வந்திருப்பது பெரிய இடத்துச் சரக்கு, ஒரு கட்சியின் மாவட்ட அலுவலகத்திலிருந்து வந்தது, வார்த்தைக்குப் பஞ்சமே இருக்காது என்றார். பழைய மெமரியை எக்ஸ்சேஞ்சில் கொடுத்தால் பாதி விலைக்கு முடித்துத் தருவதாகவும் சொன்னார். எக்ஸ்சேஞ்ச் என்ற சொல்லைக் கேட்டால் நம் ஆட்கள் வீட்டையே கழற்றிக் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். வள்ளிக்கண்ணு வேலைக்குப் போயிருந்த செவ்வாய்க்கிழமை, பூமிநாதன் தன் கையாலேயே பழைய மெமரியைப் பிடுங்கி, சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு வந்தார்.

சாயங்காலம் அவள் வந்தாள். கை கால் கழுவிவிட்டு மெஷின் முன்னால் உட்கார்ந்தாள். ஐந்து நிமிஷம் கழித்து எழுந்து வந்து, பழைய மெமரி எங்கே என்று கேட்டாள். பூமிநாதன் பெருமையோடு எக்ஸ்சேஞ்ச் கதையைச் சொன்னார்.

"என்னைய ஒரு வார்த்தை கேக்கணும்னு உங்களுக்குத் தோணவே இல்லையா?"

அவ்வளவுதான் கேட்டாள். சத்தம் போடவில்லை, பாத்திரத்தை உருட்டவில்லை. ராத்திரிச் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டுப் போய்ப் படுத்துவிட்டாள். சத்தம் போடும் கோபத்துக்குப் பூமிநாதன் பழகியவர், இந்தக் கோபம் அவருக்குப் புதிது. இருந்தாலும் அலட்டிக்கொள்ளவில்லை, அதற்குத்தான் மெஷின் இருக்கிறதே.

புதன்கிழமை பத்தரை மணிவரை காத்திருந்து, அலுவலகத்துக்குத் தாமதமானாலும் பரவாயில்லை என்று மன்னிப்பு எழுதி வாங்கினார். இதுவரை வந்ததைவிட நீளமாக, கம்பீரமாக இருந்தது. படிக்கும்போதே அவருக்கு நெஞ்சு நிமிர்ந்தது. சாயங்காலம் வள்ளிக்கண்ணு செருப்பைக் கழற்றியதும் மின்விசிறியைப் பார்த்து ஆரம்பித்தார்.

"மெமரி விற்பனை தொடர்பாக வெளியாகியுள்ள தகவல்கள் முற்றிலும் தவறானவை. என் செயல் திரித்துக் கூறப்பட்டுள்ளது. இருப்பினும் யாருடைய மனமாவது புண்பட்டிருந்தால் அதற்காக வருத்தம் தெரிவிக்கிறேன்."

வள்ளிக்கண்ணு கழற்றிய செருப்பை ஓரமாகத் தள்ளிவிட்டுக் கேட்டாள்.

"யாருடைய மனமாவதுன்னா? இந்த வீட்ல எத்தனை மனசு இருக்கு?"

அதற்குப் பதிலை மெஷின் எழுதிக் கொடுத்திருக்கவில்லை. மறுநாள் மெஷினிடம் போய், எடுபடவில்லை என்று முறையிட்டார். அது கலங்கவேயில்லை. தற்காப்பில் நிற்கக்கூடாது, எதிர்த்தரப்பு மீது கேள்வி எழுப்ப வேண்டும் என்றது. புத்தியுள்ள எவனும் அந்த இடத்தில் எழுந்து போயிருப்பான். ஆனால் பதினாலு வருஷம் ஒரு தடவைகூடக் குறி தப்பாத மெஷின், அதன் பேச்சைத் தட்ட இவருக்கு மனசு வரவில்லை. வியாழக்கிழமை சாயங்காலம் அட்சரம் பிசகாமல் ஒப்பித்தார்.

"போன வருடம் இந்த வீட்டின் மிக்ஸியை இதே அம்மையார் யாரைக் கேட்டு விற்றார்? இது குறித்து விசாரிக்கக் குழு ஒன்று அமைக்கப்படும்."

வள்ளிக்கண்ணு கைப்பையைத் திறந்து ஒரு படிவத்தை எடுத்து மேஜைமேல் வைத்தாள். ராமநாதபுரம் அரசு மருத்துவமனையில் தலைமை மருந்தாளுநர் பதவி. ஏற்கெனவே இரண்டு தடவை வந்த பதவி உயர்வு, இரண்டு தடவையும் வேண்டாமென்று அவளே எழுதிக் கொடுத்திருந்தாள்.

"நாளைக்குச் சாயங்காலம் அஞ்சு மணி வரைக்கும் டைம் இருக்கு. இந்தத் தடவை கையெழுத்து போடலாம்னு இருக்கேன். அங்கேயே ஒரு ரூம் எடுத்துக்குறேன். நீங்க இங்க உங்க மெஷினோட இருங்க."

பூமிநாதனுக்குப் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது. அவள் இல்லாத வீட்டை நினைத்துப் பார்த்தார். உப்பு டப்பா எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியவில்லை. உப்பு கிடக்கட்டும், சாயங்காலம் வாசலில் செருப்புக் கழற்றும் சத்தம் கேட்காதே என்று நினைத்தபோது உள்ளபடியே பயம் வந்தது. எப்படியாவது பழைய மெமரியைத் திரும்ப வாங்கி மாட்டிவிட வேண்டும். அது ஒன்றுக்குத்தான் இவளிடம் பேசத் தெரியும்.

வெள்ளிக்கிழமை விடுப்புப் போட்டுவிட்டுக் கடை திறக்குமுன்பே போய் நின்றார். முஸ்தபா பாய் ஷட்டரைப் பாதி தூக்கியபடி, அது புதன்கிழமையே விற்றுப்போயிற்று என்றார். கடலோரத்து ஊர் ஒன்றில் இருக்கிற போலீஸ் ஸ்டேஷனுக்கு. விற்ற நாளிலிருந்து ஸ்டேஷனிலிருந்து ஒரு புகாரும் இல்லை, அதுதான் தனக்கும் ஆச்சரியமாக இருக்கிறது என்றார்.

ஒன்றரை மணி நேரம் பஸ். ஸ்டேஷன் வாசலில் வேப்பமரத்தடியில் இரண்டு பேர் விலங்கில்லாமல் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவன் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான். இன்ஸ்பெக்டர் மரியசெல்வம் மீசைக்குள் முகத்தை வைத்திருக்கும் ஆள். பூமிநாதன் வந்த காரியத்தைச் சொன்னதும் நாற்காலியிலிருந்து எழுந்து, மெஷினுக்கும் இவருக்கும் நடுவில் வந்து நின்றுகொண்டார்.

முந்தாநாள் ஓர் ஆடு திருடனைக் கொண்டுவந்து உட்கார வைத்தார்களாம். வாக்குமூலம் எழுதச் சொன்னால் மெஷின் அவனைப் பார்த்து, சாப்பிட்டியா என்று கேட்டதாம். பிறகு, உன் கஷ்டம் என்னன்னு இதுக்கு முன்னால நான் கேக்காம விட்டது என் பிழைதான் என்றதாம். அவன் தேம்பித் தேம்பி அழுது, கேட்ட ஆட்டோடு கேட்காத ஆடுகளையும் சேர்த்து இருக்கிற இடம் சொல்லிவிட்டானாம்.

"இருபத்தாறு வருஷ சர்வீஸ்ல லத்தியில வராத உண்மை சார். இதை நான் குடுக்குறதா இல்ல. வேணும்னா ரெண்டு வார்த்தை பேசிட்டுப் போங்க."

பூமிநாதன் மெஷின் முன்னால் உட்கார்ந்தார். இன்ஸ்பெக்டர் நாகரிகமாக ஒரு கோப்பை எடுத்து விரித்துக்கொண்டார், காது மட்டும் இந்தப் பக்கம் இருந்தது.

பூமிநாதன் தொண்டையைச் செருமியதுமே குரலை அடையாளம் கண்டுகொண்டு, "ஐயாவா? நல்லா இருக்கீங்களா?" என்றது மெஷின். இவருக்கு அழுகையே வந்துவிடும்போல் இருந்தது. நேரமில்லை, அவசரமாக ஒரு மன்னிப்பு வேண்டும், வழக்கம்போல நாலு வரி எழுதிக்கொடு என்றார்.

"எழுதிரலாம் ஐயா. அம்மா என்ன சொல்லியிருக்காங்க?"

"எந்த அம்மா?"

"பேரைத் துடைச்சுட்டாங்க ஐயா, குரல் மட்டும்தான் மிச்சம். சண்டை போட்ட ராத்திரியே எங்கிட்ட வந்து உக்காருவாங்களே, அவங்க. எது வலிச்சுது, நீங்க என்ன சொன்னா மனசு ஆறும்னு சொல்லிட்டுப் போவாங்க. மறுநாள் நீங்க வருவீங்க. நான் அதைத்தான் எழுதிக் குடுப்பேன்."

பூமிநாதன் நாற்காலியை மெஷின் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். அப்படியானால் மெஷின் தானாக யோசித்து எழுதியது எத்தனை என்று கேட்டார்.

"நான் எழுத்துப்பிழை பாத்ததோட சரி ஐயா."

கோப்பு புரளும் சத்தம் நின்றது. பூமிநாதன் குரலைத் தாழ்த்தி, அவள் ஏன் அப்படிச் செய்தாள் என்று கேட்டார். அதைத் தானும் ஒருமுறை கேட்டதாக மெஷின் சொன்னது.

"'அவருக்குச் சொல்ல வராது. ஆனா யாரோ எழுதுனதையாவது நெட்டுருப் போட்டு வந்து நிக்கிறாரு பாரு, அந்த மெனக்கெடல் நெசம்'னாங்க. போன வருஷம் ஒரு தடவை மட்டும், 'எல்லாத்தையும் நானே சொல்லக்கூடாது, மிச்சத்தை அவரா சொல்றாரான்னு பாக்குறேன்'னு நாலு வரிக்குப் பதிலா ரெண்டு வரிதான் குடுத்தாங்க."

"நான் என்ன செஞ்சேன்?"

"ரெண்டு வரியோட நிறுத்திட்டீங்களாம். அம்மா வந்து சொன்னாங்க."

பூமிநாதனுக்கு அந்த நாள் ஞாபகம் வந்தது. இரண்டாவது பதவி உயர்வை அவள் வேண்டாமென்று எழுதிக் கொடுத்த வாரம். இந்த மன்னிப்பு என்ன, இவ்வளவு சுருக்கமாக இருக்கிறதே என்று அன்றைக்குச் சந்தோஷப்பட்டிருந்தார். வெட்கம் காதுமடல் வரைக்கும் ஏறியது. கடைசியாக ஒன்றே ஒன்று கேட்டார், செவ்வாய்க்கிழமைச் சண்டைக்கு அவள் ஏதாவது சொல்லி வைத்தாளா என்று.

"எனக்கு ஒண்ணும் தெரியாது ஐயா. நான் அப்ப வீட்ல இல்லையே."

இன்ஸ்பெக்டர் கோப்பை மூடினார். அறந்தாங்கிக்கு இப்போது ஒரு பஸ் இருக்கிறது, அதை விட்டால் அடுத்தது நாலு மணிக்குத்தான் என்றார். பிறகு மீசையைத் தடவிக்கொண்டு, தானும் இன்றைக்கு நேரத்தோடு வீட்டுக்குப் போகப்போவதாகச் சம்பந்தமில்லாமல் சொன்னார்.

பஸ் வழியில் பஞ்சர் ஆகி, மாற்று டயர் வர வெகுநேரமாகி, பூமிநாதன் சுகாதார நிலையத்தில் வந்து இறங்கும்போது மணி நாலே கால். மருந்து கொடுக்கும் ஜன்னலில் கூட்டம். உள்ளே போய்க் கூப்பிடலாமா என்று யோசித்தார், துணிச்சல் வரவில்லை. வரிசையிலேயே நின்றார். முன்னால் இருமல்காரர் ஒருவர், பின்னால் கைப்பிள்ளையோடு ஒரு பெண். சொல்ல வேண்டிய வாக்கியத்தை மனசுக்குள் கட்டிப் பார்த்தார், ஒன்றுகூட நிற்கவில்லை.

வள்ளிக்கண்ணு மாத்திரையை எண்ணியபடி நிமிராமலே கையை நீட்டி, சீட்டைக் கேட்டாள்.

"சீட்டு இல்ல, வள்ளி."

அவள் நிமிர்ந்தாள். அங்கே பார்ப்பதற்கு மின்விசிறி இல்லை. பூமிநாதன் அவள் முகத்தைத்தான் பார்க்க வேண்டியிருந்தது.

"அந்த மெமரியைத் தேடிப் போனேன். அது எல்லாத்தையும் சொல்லிருச்சு." ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "நான் மன்னிப்பே கேட்டதில்ல போல. பதினாலு வருஷமா உங்கிட்ட நீயேதான் கேட்டிருக்க. நீயே மன்னிச்சிருக்க. நான் நடுவுல சும்மா நின்னிருக்கேன். அதைப் போயி, உன்னைக் கேக்காம வித்துட்டேன்."

பின்னால் பிள்ளைக்காரி, சீக்கிரம் ஆகட்டுமே என்றாள். பக்கத்திலிருந்த கிழவர் அவளை உஸ் என்று அடக்கினார். வள்ளிக்கண்ணுவின் கையிலிருந்த மாத்திரை அட்டை அப்படியே நின்றது.

"இது யாரு எழுதிக் குடுத்தது?"

"யாரும் இல்ல."

"தெரியுது. பாதியில நிக்குது."

"எனக்கு இதுக்கு மேல வரல."

"வரும். நில்லுங்க."

வரிசை முழுக்க நின்றது. பூமிநாதன் சட்டைக் கையால் கழுத்தைத் துடைத்தார். மேஜையின் ஓரத்தில், மருந்துப் பட்டியலுக்கு அடியில் அந்தப் படிவம் இருந்தது, இன்னும் கையெழுத்தில்லாமல். அதைப் பார்த்ததும் அவர் நினைக்காத வார்த்தை வெளியே வந்தது.

"அதுல கையெழுத்து போடு. ரெண்டு தடவையும் நீ எனக்காகத்தான் விட்ட. ஏன்னு நான் கேக்கல. கேட்டா நானும் பதில் சொல்ல வேண்டியிருக்குமேன்னு கேக்கல. நீ போ. நான் பின்னாடியே வந்துர்றேன். ரூம்னு எடுக்காத, வீடா எடு."

வள்ளிக்கண்ணு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். திரும்பியபோது மூக்கு சிவந்திருந்தது. படிவத்தை இழுத்து, மாத்திரை எழுதுகிற பேனாவாலேயே கையெழுத்துப் போட்டு, மேலே மருத்துவ அலுவலர் அறையில் கொடுத்துவிட்டு வரச் சொல்லி அவரிடமே நீட்டினாள். திங்கட்கிழமை முதல் வேலையாக அவருடைய அலுவலகத்து ஆணையரைப் பார்த்து ராமநாதபுரத்துக்கு மாறுதல் கேட்க வேண்டும் என்றும் சொன்னாள்.

பூமிநாதன் தலையாட்டிக்கொண்டு படிவத்தை வாங்கினார். இரண்டடி போய்விட்டுத் திரும்பி வந்தார்.

"ஆணையர்கிட்ட என்னன்னு கேக்கட்டும்?"

வள்ளிக்கண்ணு அவரை ஏற இறங்கப் பார்த்தாள். அப்புறம் அவருக்குப் பின்னால் நின்ற பெண்ணின் சீட்டை வாங்கிக்கொண்டு, "நகருங்க, ஆள் நிக்குறாங்க" என்றாள்.